நாங்கள் சொன்ன பொய்

மேல்நிலை வகுப்பு மாணவியர் நால்வர், விக்கிரவாண்டி

நாங்கள் நால்வரும் விக்கிரவாண்டியில் ஒரே தெருவில் பிறந்து வளர்ந்தவர்கள். தினந்தோறும் காலையில் ஒரே பேருந்தில் ஏறி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரம் வந்து இப்பள்ளியில் படிக்கிறோம். வழியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நிறுத்தத்தில் பேருந்து நிற்கும்போதெல்லாம் எங்கள் நால்வரின் பேச்சும் தானாக நின்றுவிடும். ஏன் என்று தோழியர் பலமுறை கேட்டதுண்டு. நாங்கள் சொன்னதில்லை.

இவ்வாண்டு மலருக்கு, "உங்கள் ஊரைப் பற்றி எழுதுங்கள்" என்று வகுப்பாசிரியை அருட்சகோதரி கூறினார்கள். முதலில் எல்லோரையும் போல ஏரி, வயல், சந்தை, நெடுஞ்சாலை என்றுதான் தொடங்கினோம். அரைப்பக்கம் எழுதியதும் ஒருத்தி பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "நாம் அதை எழுதலாமா?" என்றாள். எதை என்று மற்ற மூவரும் கேட்கவில்லை. ஆகவே இக்கட்டுரை எங்கள் ஊரின் அழகைப் பற்றியதன்று. 2020ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் தெருவுக்கு வந்த ஒரு கேள்வியைப் பற்றியும், அதற்கு நாங்கள் அளித்த விடையைப் பற்றியும் எழுதுகிறோம்.

சாலை அடங்கிய நாட்கள்

விக்கிரவாண்டி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சுங்கச்சாவடி. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகிறவர்களும், இங்கே பிரிந்து கும்பகோணம், தஞ்சாவூர்ப் பக்கம் போகிறவர்களும் எங்கள் ஊரைத் தொட்டுத்தான் செல்ல வேண்டும். பொங்கல், தீபாவளி விடுமுறைகளில் வண்டிகள் எறும்புச் சாரை போல் நிற்கும். இரவு முழுவதும் லாரிச் சத்தத்தைத் தாலாட்டாகக் கேட்டுத் தூங்கிப் பழகியவர்கள் நாங்கள்.

அந்தச் சத்தம் 2020 மார்ச் மாதக் கடைசியில் நின்றது. கொரோனா நோய்க்காக நாடெங்கும் ஊரடங்கு. சுங்கக் கட்டணம் வாங்குவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் 20 அன்றுதான் மீண்டும் தொடங்கினார்கள். நாங்கள் அப்போது ஐந்தாம் வகுப்பு. ஒன்று முதல் ஒன்பதாம் வகுப்பு வரை எல்லோரும் தேர்ச்சி என்று அரசு அறிவித்ததும், நோய் என்பதே மறந்து குதித்தோம். பள்ளி இல்லை, தேர்வு இல்லை, நாள் முழுவதும் திண்ணையில் பல்லாங்குழி. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு வேறென்ன வேண்டும்?

எங்கள் எதிர்வீட்டு மாமா சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கும் தொழிலாளி. பதினைந்து நாளைக்கு ஒருமுறை வருவார். சந்தை உணவுப் பொருள் சந்தை ஆதலால் ஊரடங்கிலும் அது மூடப்படவில்லை. மாமாவும் அங்கேயே தங்கிவிட்டார். அவர் மகள் எங்களைவிட இரண்டு வயது சிறியவள். எங்கள் விளையாட்டில் ஐந்தாவது ஆள்.

கோயம்பேட்டைப் பற்றிப் பிற்காலத்தில் செய்தித்தாள்களில் படித்துத் தெரிந்துகொண்டோம். ஏப்ரல் 26 முதல் நான்கு நாட்களுக்குச் சென்னையில் முழு ஊரடங்கு என்று அறிவித்தார்கள். அதற்கு முதல்நாள், ஏப்ரல் 25 அன்று, காய்கறி வாங்கக் கூட்டம் சந்தையை முற்றுகையிட்டது. நோய் பரவுவதற்கு அதைவிட ஏற்ற இடம் வேறில்லை. சில நாட்களில் சந்தைத் தொழிலாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் நோய் தெரியலாயிற்று. பயந்துபோன தொழிலாளர்கள், கிடைத்த காய்கறி லாரிகளில் ஏறித் தங்கள் ஊர்களுக்குப் புறப்பட்டார்கள். கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டத்தார் அவர்களுள் மிகுதி. மே 4 அன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 527 பேருக்கு நோய் கண்டது. அதில் கடலூர் மாவட்டத்தில் மட்டும் 122 பேர். எங்கள் விழுப்புரம் மாவட்டத்தில் 49 பேர். மறுநாள் சந்தையை மூடினார்கள்.

அப்படி வந்தவர்களுள் எங்கள் மாமாவும் ஒருவர். ஏப்ரல் 28 இரவு, சுங்கச்சாவடிக்கு முன்னாலேயே லாரியிலிருந்து இறங்கி, வரப்பு வழியாக நடந்து வீட்டுக்கு வந்துவிட்டார்.

மாம்பழம்

இரண்டு நாட்கள் கழித்து, வியாழக்கிழமை காலையில், மாமா எங்களைக் கூப்பிட்டுப் பங்கனப்பள்ளி மாம்பழங்களை அறுத்துக் கொடுத்தார். அந்த ஆண்டின் முதல் மாம்பழம். அவர் வீட்டுத் திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்து, கைமுட்டி வரை சாறு வழியச் சாப்பிட்டோம். சந்தையில் ஆள் கூட்டத்தில் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படி ஓட வேண்டும் என்று நடித்துக் காட்டினார். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

மறுநாள் அவருக்கு உடம்பு கொதித்தது. மாத்திரை போட்டுக்கொண்டு உள்ளே படுத்துவிட்டார். எங்களுக்கு அது தெரியும்; அவர் மகள்தான் சொன்னாள். சொல்லிவிட்டு, "யார்கிட்டேயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்கு" என்றும் சொன்னாள்.

ஏன் சொல்லக் கூடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். அதற்கு முந்திய வாரம் அடுத்த தெருவில் ஒரு குடும்பத்தில் ஒருவருக்கு நோய் கண்டது. தெருமுனையில் தகரம் அடைத்தார்கள். கதவில் ஒரு தாள் ஒட்டினார்கள். அன்று முதல் அந்த வீட்டுக்குப் பெயரே மாறிவிட்டது. 'கொரோனா வீடு' என்றார்கள். பால்காரர் வாசலைத் தாண்டிப் போனார். குழாயடியில் அவர்கள் குடம் இருந்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை எடுத்துக்கொண்டார்கள். கைபேசியில் அந்த வீட்டின் படம் தெருத் தெருவாகச் சுற்றியது. இவற்றைச் செய்தவர்கள் யாரோ அந்நியர் அல்லர். எங்கள் பெற்றோர், சித்தப்பா, பெரியம்மா எல்லோருமே. நாங்களும் அந்த வீட்டைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவர்கள்தாம்.

கேள்வி

மே 2, சனிக்கிழமை. வெயில் ஏறுவதற்குள் சுகாதாரச் செவிலியர் எங்கள் தெருவுக்கு வந்தார். எங்கள் ஊரில் அவரை 'நர்சம்மா' என்போம். எங்கள் நால்வருக்கும் தடுப்பூசி போட்டவரும் அவரே. கையில் நீளமான நோட்டுப் புத்தகம். கூடவே ஓர் அங்கன்வாடிப் பணியாளர். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தள்ளி நின்று, காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, வெளியூரிலிருந்து யாராவது வந்தார்களா, கோயம்பேட்டிலிருந்து யாராவது வந்தார்களா என்று கேட்டு எழுதினார்.

எங்கள் தெருவில் முப்பதுக்கும் மேற்பட்ட வீடுகள். மாமா வந்தது அத்தனை வீட்டுக்கும் தெரியும். அத்தனை வீட்டிலும் "யாரும் வரலைங்கம்மா" என்றார்கள்.

கடைசியாக நர்சம்மா வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்த எங்களிடம் வந்தார். சிரித்துக்கொண்டே, "பாப்பா, நம்ம தெருவுக்குப் புதுசா யாராச்சும் வந்தாங்களா?" என்று கேட்டார். நாங்கள் எதிர்வீட்டைப் பார்த்தோம். சன்னலுக்குப் பின்னால் அத்தை நின்றுகொண்டிருந்தார். எங்கள் அம்மாக்கள் வாசலில் நின்று எங்களையே பார்த்தார்கள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாலே சொன்னார்கள்.

"இல்லைக்கா" என்றோம், நால்வரும் ஒரே குரலில்.

நர்சம்மா எங்களை ஒரு நொடி பார்த்தார். தம் கைபேசி எண்ணை ஒரு துண்டுத் தாளில் எழுதி எங்களில் மூத்தவள் கையில் கொடுத்தார். "நான் யாரையும் பிடிச்சுக்கிட்டுப் போக வரலை கண்ணு. யாருக்கு உடம்பு முடியலைன்னு கேக்கத்தான் வந்தேன். எப்ப வேணும்னாலும் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த தெருவுக்குப் போனார். அவர் நோட்டில் எங்கள் தெருவுக்கு நேராக 'இல்லை' என்ற சொல் வரிசையாக நின்றது.

பாட்டியின் வேப்பிலை

மூன்று நாட்கள் அந்தத் துண்டுத் தாள் ஒரு கணக்கு நோட்டுக்குள் இருந்தது. மே 5 காலையில் எதிர்வீட்டு மாமா மூச்சு விடத் திணறுகிறார் என்று அவர் மகள் அழுதுகொண்டே வந்து சொன்னாள். நாங்கள் எங்களில் ஒருத்தியின் பாட்டியிடம் ஓடினோம். எல்லாவற்றையும் சொன்னோம், பொய் சொன்னதையும் சொன்னோம்.

பாட்டி திட்டுவார் என்று எதிர்பார்த்தோம். அவர் திட்டவில்லை. தாம் சிறுமியாக இருந்தபோது பெரியம்மை வந்த கதையைச் சொன்னார். அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகுவார்களாம். அதைப் பார்த்ததும் வெளியாள் உள்ளே நுழைய மாட்டார். ஆனால் வாசலில் இளநீர் வைத்துவிட்டுப் போவார்கள். கூழ் காய்ச்சி வைப்பார்கள். அந்த வீட்டு மாட்டுக்குப் பக்கத்து வீட்டார் தீனி வைப்பார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அந்த வீட்டார் எப்போதும்போல் தெருவில் நடப்பார்கள்.

"வேப்பிலையும் இந்த வீடுன்னு காட்டத்தான் செருகினோம். இவங்க ஒட்டற தாளும் அதுக்குத்தான். ஆனா வேப்பிலையைப் பார்த்தா இரக்கம் வந்துச்சு. இதைப் பார்த்தா ஏன் கோவம் வருது?" என்று பாட்டி கேட்டார். எங்களுக்கு விடை தெரியவில்லை. "போன் போடு" என்றார். போட்டோம்.

பட்டியல்

ஒரு மணி நேரத்தில் மருத்துவ ஊர்தி வந்து மாமாவை முண்டியம்பாக்கத்துக்கு அழைத்துச் சென்றது. மாலையில் நர்சம்மாவும் சுகாதார ஆய்வாளரும் வந்தார்கள். நாங்கள் பயந்தபடி யாரும் யாரையும் அதட்டவில்லை. நர்சம்மா வேப்பமரத்தடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தார். "இனிமே பொறுமையா யோசிச்சு சொல்லுங்க" என்றார்.

நோய்க்குறி தோன்றியதற்கு இரண்டு நாட்கள் முன்னதாகவே ஒருவரிடமிருந்து நோய் பரவத் தொடங்கலாம் என்பதால், கணக்கை அங்கிருந்து தொடங்கினார். மாமாவுக்குக் காய்ச்சல் வந்தது மே 1. ஆகவே ஏப்ரல் 29 முதல் ஒவ்வொரு நாளாக எடுத்துக்கொண்டு கேட்டார். காலையில் எங்கே? யாருடன்? எவ்வளவு நேரம்? எவ்வளவு நெருக்கத்தில்? மூடிய அறையிலா, திறந்த வெளியிலா? முகக்கவசம் இருந்ததா? ஒரே தட்டில் சாப்பிட்டீர்களா? நாங்கள் மாம்பழக் கதையைச் சொன்னோம். யார் யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தோம் என்பதைக்கூடக் கேட்டு எழுதினார். நெருங்கிப் பழகியவர்கள் ஒரு வரிசை. தொலைவில் பார்த்தவர்கள் ஒரு வரிசை. நெருங்கியவர் வரிசையில் 4, 5, 6, 7 என்று எங்கள் நால்வரின் பெயரும் ஏறின. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெதிலும் எங்கள் பெயர் வரிசையாக வந்தது அன்றுதான்.

அப்போதுதான் ஒரு செய்தி வெளியே வந்தது. மே 3, ஞாயிற்றுக்கிழமை, காய்ச்சல் சற்று விட்டிருந்ததால் மாமாவும் அத்தையும் வண்டியில் திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போய், அத்தையின் சொந்தக்காரர்களுக்கு மாம்பழமும் கொஞ்சம் பணமும் கொடுத்துவிட்டு, மதியச் சாப்பாடும் சாப்பிட்டு வந்திருக்கிறார்கள். மே 4 அன்று மாமா நியாயவிலைக் கடை வரிசையிலும் நின்றிருக்கிறார்.

நர்சம்மா எழுதி முடித்தபோது 26 பெயர்கள். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டார். "நான் முதல்ல வந்து கேட்ட அன்னிக்கு இது 11 பேர்தான்" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அல்ல. கணக்கைச் சொல்லும் குரலில். ஆனாலும் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த 15 பெயர்களை நாங்கள் பார்த்துக்கொண்டே நின்றோம். அவற்றுள் பல நாங்கள் கேள்விப்பட்டே இராத பெயர்கள்.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. திண்டிவனம் பக்கத்துப் பெயர்கள் தொலைபேசியில் அப்பகுதிச் சுகாதார நிலையத்துக்குப் போயின. எங்கள் எல்லோருக்கும் சளி மாதிரி எடுத்தார்கள். பதினான்கு நாட்கள் வீட்டை விட்டு வெளியே வரக் கூடாது. பேரூராட்சித் தூய்மைப் பணியாளர்கள் தெருவில் மருந்து தெளித்தார்கள். அவர்களில் ஒரு அக்கா தினமும் காலையில் வாசலில் நின்று, "இன்னிக்கு என்ன வேணும்?" என்று கேட்டு, பாலும் காய்கறியும் வாங்கிவந்து படியில் வைத்துவிட்டுப் போவார். அந்த அக்காவின் குரல் கேட்டால்தான் எங்களுக்கு விடியும்.

எங்கள் நால்வருக்கும் நோய் இல்லை என்று முடிவு வந்தது. மாமாவின் மனைவிக்கும் மகளுக்கும் இருந்தது. இருவரும் குணமாகித் திரும்பினார்கள். மாமா இரண்டு வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு வந்தார். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த பெயர்களில் ஒன்று, திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் மாமாவுக்கு அன்று சோறு போட்ட ஒரு பாட்டியுடையது. மே மாதக் கடைசியில் அவர் இறந்துபோனார்.

அந்தப் பாட்டியை நாங்கள் பார்த்ததில்லை. அவர் முகம் எப்படி இருக்கும் என்று இன்றும் தெரியாது. நாங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. நர்சம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. எனினும் சனிக்கிழமை நாங்கள் "வந்தார்" என்று சொல்லியிருந்தால், ஞாயிற்றுக்கிழமை மாமா அங்கே போயிருக்க மாட்டார். இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். முண்டியம்பாக்கம் நிறுத்தத்தில் எங்கள் பேச்சு நிற்பது இதனால்தான்.

நாங்கள் தேடிப் படித்தவை

இக்கட்டுரைக்காக அந்த நர்சம்மாவை மறுபடி போய்ப் பார்த்தோம். நூலகத்திலும் படித்தோம். அதில் அறிந்த சிலவற்றைத் தோழியருக்குச் சொல்ல விரும்புகிறோம்.

தொற்றுநோய் கண்டால் அதைச் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது புதிய விதியன்று. சென்னை மாகாணத்தில் 1939ஆம் ஆண்டிலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. அதே சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் சட்டம் கேள்வி கேட்கும் உரிமையைத்தான் தரும். உண்மையான விடையைத் தெருவில் உள்ளவர்கள்தாம் தர வேண்டும்.

பாட்டி சொன்ன பெரியம்மையை உலகம் வென்றது எப்படி? எல்லோருக்கும் தடுப்பூசி போட்டு மட்டும் அன்று. நோயாளியைத் தேடிக் கண்டுபிடித்து, அவரைச் சுற்றியுள்ளவர்களுக்கு உடனே ஊசி போட்டு, நோய்க்கு வேலி கட்டினார்கள். இந்தியாவில் 1973 முதல் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அம்மை கண்ட ஒரு குழந்தையின் படத்தைக் காட்டி, "இப்படி யாருக்காவது இருக்கிறதா?" என்று கேட்டார்கள். பள்ளிக்கூடங்களிலும் சந்தைகளிலும் கேட்டார்கள். தகவல் சொன்னவருக்குப் பரிசுப் பணமும் கொடுத்தார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980இல் உலகிலேயே அந்நோய் இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. கேட்டவர்களுக்கு விடை சொன்ன இலட்சக்கணக்கான சாதாரண மக்களுக்கும் அந்த வெற்றியில் பங்கு உண்டல்லவா?

2018இல் கேரளத்தின் கோழிக்கோட்டுப் பக்கம் நிபா நோய் வந்தபோது, நோயாளிகளுடன் தொடர்பில் இருந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பட்டியலிட்டுக் கண்காணித்தார்கள். நோய் பெரிதாகப் பரவாமல் நின்றது. 2020 மார்ச்சில் அதே மாநிலத்தின் பத்தனம்திட்டாவில் வேறொரு நல்ல வழியைக் கண்டார்கள். இத்தாலியிலிருந்து திரும்பிய குடும்பத்தினர் எந்த நாளில், எந்த நேரத்தில், எந்தெந்த இடங்களுக்குப் போனார்கள் என்று ஒரு வரைபடமாகப் போட்டு மாவட்ட நிர்வாகம் வெளியிட்டது. அதில் அவர்கள் பெயர் இல்லை. 'அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்கள் எங்களைக் கூப்பிடுங்கள்' என்று மட்டும் கேட்டது. ஆளை விட்டுவிட்டு, இடத்தையும் நேரத்தையும் மட்டும் ஊருக்குச் சொன்னால் போதும் என்பதை இதில் கற்றோம்.

இன்னொரு செய்தி எங்களை மிகவும் யோசிக்க வைத்தது. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் நம் நர்சம்மாவைப் போன்றவர்கள் நோட்டில் எழுதிய பட்டியல்களை அறிஞர்கள் ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2020 செப்டம்பர் 30 அன்று 'சயின்ஸ்' என்னும் புகழ்பெற்ற அறிவியல் இதழில் வெளிவந்தது. நோய் உறுதியான 84,965 பேர். அவர்களுடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேர். இவர்களைப் பரிசோதித்ததில், நோயாளிகளில் பத்துக்கு ஏழு பேரிடமிருந்து, பட்டியலில் இருந்த வேறு ஒருவருக்கும் நோய் ஒட்டியதாகத் தெரியவில்லை. பெரும்பாலான பரவல் ஒரு சிலர் வழியாகவே நடந்திருக்கிறது. அந்தச் சிலர் யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் எல்லோரையும் தேட வேண்டியிருக்கிறது. அதனால்தான் யாரையும் ஒதுக்கவும் காரணமில்லை. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்து ஓடிய அந்த அடுத்த தெரு வீட்டாரிடமிருந்து ஒருவருக்கும் நோய் வரவில்லை என்று நர்சம்மா இப்போது சொன்னார்.

கதவில் தாள் ஒட்டும் வழக்கம் பற்றி உச்சநீதிமன்றத்தில் வழக்கு நடந்ததையும் படித்தோம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி உரிய அதிகாரி தனியே ஆணையிட்டாலன்றி நோயாளிகள் வீட்டு வாசலில் அப்படித் தாள் ஒட்டக் கூடாது என்று 2020 டிசம்பர் 9 அன்று நீதிமன்றம் கூறியது. அதைப் பாட்டியிடம் சொன்னோம். "தாள் என்ன செய்யும்? பார்க்கிற கண்ணுல இருக்குது" என்றார்.

நர்சம்மாவிடம் நாங்கள் கேட்டது

"அன்னிக்கு நாங்க பொய் சொல்றது உங்களுக்குத் தெரிஞ்சுதாம்மா?" என்று கேட்டோம்.

"தெரிஞ்சுது. நாலு பேரும் ஒண்ணா எதிர்வீட்டைப் பார்த்தீங்களே" என்று சிரித்தார்.

"அப்ப ஏன் எங்களை மிரட்டலை?"

"மிரட்டினா அன்னிக்குச் சொல்லியிருப்பீங்க. அதோட சரி, அப்புறம் அந்தத் தெருவுல எனக்கு யாரும் கதவைத் திறக்க மாட்டாங்க. நான் அடுத்த வாரமும் வரணுமே. காய்ச்சலுக்கு வரணும், பிரசவத்துக்கு வரணும், குழந்தைக்கு ஊசி போட வரணும்."

பிறகு அவர் ஒன்று சொன்னார். "மக்கள் உண்மையைச் சொல்லுறதும் சொல்லாததும், சொன்னா நமக்கு என்ன ஆகும்ங்கிறதுலதான் இருக்குது. சொன்னா பால் வரும், அரிசி வரும், டாக்டர் வருவாருன்னு தெரிஞ்சா சொல்லுவாங்க. சொன்னா தகரமும் கெட்ட பேரும்தான் வரும்னா யார் சொல்லுவாங்க?"

தலைநகரில் உள்ளவர்கள் எவ்வளவு பெரிய திட்டம் தீட்டினாலும், அது எங்கள் தெருவுக்கு ஒரு நோட்டுப் புத்தகமாகவும், பால் பையோடு வாசலில் நிற்கும் ஒரு அக்காவாகவும்தான் வந்து சேர்ந்தது. பேரூராட்சி, சுகாதார நிலையம், அங்கன்வாடி என்று நாங்கள் அன்றாடம் கடந்து செல்லும் சிறு கட்டடங்களில் உள்ளவர்கள்தாம் அந்தப் பெரிய போரை நடத்தினார்கள். நாங்கள் அவர்களுக்கு இதுவரை நன்றி சொன்னதில்லை. இந்த மலரின் வாயிலாகச் சொல்லிக்கொள்கிறோம்.

மாமா சொன்ன விடை

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. மாமா குணமாகி வந்த பிறகு ஒரு மாதம் வரை தெருவில் யாரும் அவர் வீட்டுப் படி ஏறவில்லை. ஒருநாள் நர்சம்மா வந்தார். நேரே போய் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தார். தெருவே கேட்கும்படி உரக்கப் பேசிச் சிரித்தார். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். அரை மணி நேரம் கழித்து எழுந்து போனார். வேறு எந்த வீட்டுக்கும் அன்று அவர் வரவில்லை. மறுநாள் எங்கள் பாட்டி ஒரு கிண்ணத்தில் குழம்பு எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். அதன் பிறகு ஒவ்வொருவராகப் போகத் தொடங்கினார்கள்.

சுகாதாரத் துறைக்குத் தகவல் சொன்னது யார் என்று மாமா எங்களைக் கேட்டதே இல்லை. இக்கட்டுரையை எழுதுவதற்கு முன் அவரிடம் அனுமதி கேட்கப் போனோம். "நாங்கதான் மாமா போன் பண்ணினோம். முதல்ல பொய் சொன்னதும் நாங்கதான்" என்றோம்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நீங்க சின்னப் புள்ளைங்க. நர்சம்மா வாசல்ல வந்து நின்னப்ப நான்தானே எழுந்து வந்து சொல்லியிருக்கணும்? அந்தக் கெழவி கையால அன்னிக்கு இன்னொரு கரண்டி சோறு கேட்டு வாங்கித் தின்னேன்" என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. எங்களாலும் முடியவில்லை. எல்லாவற்றையும் எழுதலாம் என்றும், தம் பெயரை மட்டும் போட வேண்டாம் என்றும் சொன்னார். அவ்வாறே எழுதியிருக்கிறோம்.

அன்புத் தோழியரே, பெற்றோரே! நோய்கள் இனியும் வரும். டெங்கு ஆண்டுதோறும் வருகிறது. நாளை வேறு பெயரில் வேறொன்று வரலாம். அப்போதும் யாரோ ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு நம் வாசலில் வந்து நிற்பார். பிள்ளைகள் விடை சொல்வதற்கு முன் உங்கள் கண்களைத்தான் பார்ப்பார்கள். அந்தச் சமயம் உங்கள் கண்கள் என்ன சொல்லப் போகின்றன என்பதை இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். உண்மையைச் சொன்ன வீட்டு வாசலில் மறுநாள் காலையில் பால் வைப்பது யார் என்பதையும் முடிவு செய்துகொள்ளுங்கள். அதை நாங்கள் வைக்கிறோம் என்று எங்கள் தெருவில் நாங்கள் நால்வரும் சொல்லி வைத்திருக்கிறோம். நர்சம்மாவின் எண்ணும் இப்போது கணக்கு நோட்டுக்குள் இல்லை. எங்கள் நால்வர் வீட்டுச் சுவரிலும் எழுதியிருக்கிறது.